அதிபர் ஊடாக ஒரு கையெழுத்து

போன திங்கக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். ஒரு படிவத்தில ஒரு கையெழுத்து வாங்கணும்.

பொதுக் கொள்கை முதுமாணிக்கு விண்ணப்பம். எட்டுப் பக்கம். ஏழு பக்கத்தை ஞாயிற்றுக்கிழமையே குந்தியிருந்து நிரப்பிட்டன். "இக்கற்கைநெறியை ஏன் தெரிவு செய்தீர்கள்?" எண்டு ஒரு கேள்வி. அரசாங்கத்தில ஒரு சின்ன வேலை முடிய ஏன் இவ்வளவு சுத்து எண்டு ஆராய விரும்புறன் எண்டத நல்ல தமிழில அரைப் பக்கத்துக்கு நீட்டி எழுதினன்.

எழுதக்குள்ள எனக்கு ஒண்டும் தெரியாது. சும்மா எழுதிட்டன்.

கடைசிப் பக்கம் மட்டும் மிச்சம். "நிறுவனத் தலைவரின் சிபாரிசும் கையொப்பமும்." வெள்ளிக்கிழமைக்குள்ள பதிவுத் தபாலில போடணும்.

இது எனக்கு மூண்டாவது தரம். முதல் வருசம் படிவம் பையோட வாவிக்குள்ள விழுந்தது. ரெண்டாம் வருசம் முடிவுத் திகதி முடிஞ்ச பிறகுதான் முடிவுத் திகதியப் பாத்தன். எங்கட வீட்டு ஹோலில என்ட மனுசன்ட பட்டமளிப்புப் படம் தொங்குது. அதுக்குப் பக்கத்தில, என்ட படத்துக்கெண்டு அவரே ஒரு ஆணி அடிச்சு வச்சிருக்கார். ரெண்டு வருசமா அதில கலண்டர் தொங்குது.

வீட்டுக்கு வாற ஆக்கள் கேப்பாங்க, "மிஸ்ஸுட படம் எப்ப வரும்?"

மனுசன் சொல்லுவார், "ஜனவரிக்குப் புதுக் கலண்டர் வரும்."

இந்த முறை விடுறல்ல எண்டு நினைச்சன்.

நான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில பதில் அதிபர். என்னோட சேத்து அஞ்சு பேர். அப்ப நிறுவனத் தலைவர் ஆரு? நான்தான். அப்பாடா எண்டு நானே எனக்குச் சிபாரிசு எழுதினன். "மிகவும் பொருத்தமானவர், கடின உழைப்பாளி." கையெழுத்து. சீல். ரெண்டு நிமிசம்.

ஆனாலும் மனசு கேக்கல்ல. பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோல் எடுத்தன். ஒரு பொம்பிளப் புள்ள கதைச்சது.

"மிஸ், விண்ணப்பிக்கிறவரும் சிபாரிசு செய்றவரும் ஒரே ஆளா இருக்க ஏலாது."

"நான்தானே பிள்ள நிறுவனத் தலைவர்."

"அப்ப உங்களுக்கு மேல உள்ளவர்ட்ட வாங்குங்க மிஸ்."

நியாயமான பதில். கோபப்பட ஒண்டுமில்ல. நான் கோபப்பட்டன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வலயக் கல்விக் கந்தோருக்குப் போனன். எனக்கு மேல உள்ளவர் அங்க இருக்கிற பணிப்பாளர்தான். எங்கட விசயத்துக்குப் பொறுப்பான கிளார்க் றிஸ்வி. ஓட்டமாவடிப் பொடியன், தங்கமான குணம். சட்டம் எண்டா மட்டும் வாப்பாவுக்கும் விட்டுக் குடுக்கமாட்டான்.

"மிஸ், நேரா எடுக்க ஏலா. அதிபர் ஊடாகத்தான் வரணும்."

"றிஸ்வி தம்பி, அதிபர் நான்."

"அப்ப லேசுதானே மிஸ்! உடனே கிடைச்சிடும்."

அவன் பகிடி விடல்ல. முகத்தைப் பாத்தன். பகிடியே இல்ல.

சரி எண்டு அதிலயே குந்திக் கடிதம் எழுதினன். அனுப்புநர் நான். ஊடாக, அதிபர். பெறுநர், பணிப்பாளர். கீழ விண்ணப்பதாரியாக் கையெழுத்து வச்சன். பிறகு பேப்பரக் கொஞ்சம் திருப்பி வச்சு, அதிபராக் கையெழுத்து வச்சன். ரெண்டும் ஒரே கையெழுத்தா இருந்திச்சு. எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு.

றிஸ்வி பாத்தான். "அதிபர்ட குறிப்பு இல்லையே மிஸ்?"

"என்ன குறிப்பு?"

"'தங்கள் மேலான கவனத்திற்கு முன்னனுப்பப்படுகிறது' எண்டு போடுவாங்க."

போட்டன். என்ட மேலான கவனத்தைத் தாண்டி என்ட கடிதம் உள்ள போச்சு.

"வியாழக்கிழமைக்குள்ள பதில் வந்திடும் மிஸ், யோசிக்காதீங்க."

சொன்ன மாதிரியே வியாழக்கிழமை பதில் வந்திச்சு. கந்தோரில எங்கட பள்ளிக்கூடத்துப் பெட்டிக்குள்ள கிடந்ததெண்டு கணேசமூர்த்தி சேர் கொண்டு வந்து தந்தார். எங்கட மூத்த ஆசிரியர். கதை குறைவு. மனிசன் ஒரு சொல்லுச் சொன்னா அன்றைக்கு விசேசம்.

உறை ஒட்டியிருந்திச்சு. மேல சிவப்பு மையில "இரகசியம்".

உடைச்சன். பெறுநர், அதிபர். "மேற்படி ஆசிரியை முதுமாணிக் கற்கைக்கு விண்ணப்பித்துள்ளார். அவர் தொடர்பான உங்கள் இரகசிய அறிக்கையை, கடந்த தவணையின் வரவுப் புத்தகப் பிரதியுடன் வெள்ளிக்கிழமைக்குள் சமர்ப்பிக்கவும். இதன் உள்ளடக்கம் மேற்படி ஆசிரியைக்குத் தெரியப்படுத்தலாகாது."

நான் ரெண்டு தரம் வாசிச்சன். மேற்படி ஆசிரியையும் என்னோட சேந்து ரெண்டு தரம் வாசிச்சா.

அறிக்கை சின்ன விசயம். வரவுப் புத்தகம்தான் பெரிய விசயம்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்றன். காலம ஏழரைக்கு அதிபர் வரவுப் புத்தகத்தில ஒரு சிவப்புக் கோடு கீறுவார். அதுக்குப் பிறகு வாறவங்க கோட்டுக்குக் கீழதான் கையெழுத்து வைக்கணும். பிந்தி வந்ததுக்கு அதுதான் அத்தாட்சி. காலாகாலத்துக்கும் அழியாது.

இனி என்ட கொடுமையக் கேளுங்க. எனக்கு வீடு எழுவான்கரையில. பள்ளிக்கூடம் வாவிக்கு மற்றப் பக்கம், படுவான்கரையில. இடையில பாதை. பாதை எண்டா றோட்டில்ல. ஆக்களையும் மோட்டச்சைக்கிளையும் ஏத்திக்கொண்டு வாவியக் கடக்கிற மிதவையைத்தான் நாங்க பாதை எண்டு சொல்ற. அது நிறைஞ்சாப் போகும். காத்தடிச்சா நிக்கும்.

கணேசமூர்த்தி சேரும் எங்கட கரைதான். நான் பதவி எடுத்த புதுசில ரெண்டு நாள் கோட்டுக்குக் கீழ வந்திட்டார். நான் விளக்கம் கேட்டு எழுதினன். "பாதை பிந்தியது" எண்டு பதில் தந்தார். நான் அதுக்குக் கீழ எழுதினது எனக்கு இப்பவும் பாடம்: "பாதை பிந்துவது யாவரும் அறிந்ததே. முந்திய பாதையில் வரவும். விளக்கம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை."

அதோட நிண்டனா? இல்ல. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில எழும்பி நிண்டு சொன்னன், "கோடு எண்டா கோடுதான். நானெண்டாலும் ஒண்டுதான். ஏழரைக்கு நான் வராட்டி கணேசமூர்த்தி சேர் கீறுங்க."

அந்த மனிசன் அந்த நாளில இருந்து முந்தின பாதையில வாறார். நான் அதுக்கடுத்த பாதையில வாறன்.

புத்தகத்தை விரிச்சன். போன தவணை மட்டும் பதினொரு நாள். பதினொரு சிவப்புக் கோடு, அடிமட்டம் வச்சு, தலைமுடி அளவு கூடச் சரியாம. ஒவ்வொண்டுக்குக் கீழயும் தனியா ஒரே ஒரு கையெழுத்து. நான்.

பிரதி எடுத்தாச்சு. "உண்மைப் பிரதி" எண்டு அதிபர் ஒப்பம் வைக்கணும், இன்னொரு ஆசிரியர் சாட்சி வைக்கணும். கணேசமூர்த்தி சேர் சாட்சி வச்சார். வச்சிட்டுப் போகல்ல. அதிலயே நிண்டார்.

அறிக்கையில முதல் கேள்வி: நேரந்தவறாமை. மிக நன்று, நன்று, திருப்தி, திருப்தியற்றது. ஒண்டில புள்ளடி போடணும்.

பேனை "மிக நன்று" பக்கம்தான் போச்சு. மெய்யாத்தான் சொல்றன், தானாப் போச்சு.

"மெடம்" எண்டார் சேர்.

"என்ன சேர்?"

"எனக்கு ரெண்டு நாளைக்கு 'ஏற்றுக்கொள்ளப்படவில்லை' எண்டு எழுதினீங்க."

சண்டைக்குச் சொல்லல்ல. மழை வரும் போல கிடக்கு எண்டு சொல்ற மாதிரிச் சொன்னார். நான் கடைசிக் கட்டத்தில புள்ளடி போட்டன்.

போட்ட பிறகுதான் கீழ சின்ன எழுத்தக் கண்டன். "திருப்தியற்றது எனின், விளக்கம் கோரிய கடிதம், ஆசிரியரின் பதில், அதிபரின் தீர்மானம் என்பவற்றை இணைக்கவும்."

ஐயோ கடவுளே!

கடுமையா ஒரு கடிதம் எழுதினன், எனக்கு. பணிவா ஒரு பதில் எழுதினன், எனக்கு. பதினொரு நாளைக்கும் ஒரே காரணம்தான்: பாதை பிந்தியது. வேற என்னத்த எழுதுற? அதுதானே உண்மை!

இனித் தீர்மானம். ஏற்காட்டி அறிக்கை அவ்வளவுதான், படிப்பும் அவ்வளவுதான், அந்த ஆணியில சாகும்வரைக்கும் கலண்டர்தான். "விளக்கம் ஏற்" வரைக்கும் எழுதிட்டன்.

சேர் மெதுவாச் சொன்னார், "மெடம், என்ட ஃபைலும் இந்த அலுமாரிக்குள்ளதான் கிடக்கு."

எனக்குக் காது சுட்டுது. வெக்கமாப் போச்சு. ஒரே வாவி, ஒரே பாதை, ஒரே காத்து. அவருக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயம். ஒரு வருசமா அந்த மனிசன் விடியச் சாமம் எழும்பி முந்தின பாதைக்கு ஓடுறார், என்ட ஒரு வசனத்துக்காக.

எழும்பிப் போய் அவர்ட ஃபைல எடுத்தன். என்ட பழைய தீர்மானத்தைக் கோடு கீறி வெட்டினன். சிவப்பு மையிலதான். "விளக்கம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது" எண்டு எழுதி, "மன்னிச்சுக்கொள்ளுங்க சேர்" எண்டு வாயாலயும் சொன்னன். பிறகுதான் என்டதை முடிச்சன்.

"பரவால்ல மெடம்" எண்டார். "நாளைக்கு நான் அடுத்த பாதையில வாறன்."

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வலயக் கந்தோருக்கு வெளிக்கிட்டன். பாதை பிந்திச்சு. நான் ஆரிட்டயும் விளக்கம் கேக்கல்ல.

றிஸ்வி உறையைப் பிரிச்சு வாசிச்சான். வாசிக்க வாசிக்கக் கண் பெருத்திச்சு.

"மிஸ்! உங்களுக்குத் 'திருப்தியற்றது' போட்டிரிக்கி!"

"மெதுவாச் சொல்லுங்க தம்பி. அது எனக்குத் தெரியக்கூடாது."

பணிப்பாளர் உள்ள கூப்பிட்டார். கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கொண்டு கேட்டார், "இது ஆர் எழுதின?"

"அதிபர், சேர்."

"என்ன எழுதியிருக்கா எண்டு தெரியுமா?"

"இரகசியம் சேர்."

அவர் அறிக்கையத் தூக்கிக் காட்டினார். "நான் எத்தினையோ வருசமா இந்த அறிக்கையளப் பாக்கிறன். எல்லாரும் எல்லாருக்கும் மிக நன்றுதான். கடைசிக் கட்டத்தில ஒரு புள்ளடிய இண்டைக்குத்தான் காணுறன். அதுவும் தனக்குத் தானே!"

பேனையை எடுத்தார். படிவத்தில நான் எனக்கு எழுதின சிபாரிசை வெட்டினார். "சிபாரிசு செய்யப்படுகிறது." கையெழுத்து. சீல். அதுக்கு ஒரு நிமிசமும் எடுக்கல்ல.

எழுதி முடிச்சிட்டு இன்னொரு வரியும் சேத்தார். நான் பாக்கல்ல. தபால் கந்தோர் பூட்டப் போறாங்க எண்டு, றிஸ்வி பிரதி எடுத்த கையோட படிவத்தைப் பிடுங்காத குறையா வாங்கிக்கொண்டு ஓடினன். கடைசி ஆளா நிண்டு, பதிவுத் தபாலில போட்டு, துண்டையும் வாங்கிட்டன்.

வீட்ட வந்து துண்ட மனுசன்ட கையில குடுத்தன். அவர் எழும்பி, ஆணியில இருந்து கலண்டரக் கழட்டினார். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிட்டு. பிறகு கேட்டார், "இத இனி எங்க கொழுவுற?"

எல்லாம் முடிஞ்சுதெண்டுதான் நினைச்சன். இந்தத் திங்கக்கிழமை கந்தோரில எங்கட பெட்டிக்குள்ள அந்தப் படிவத்தின்ட பிரதி வந்து கிடந்திச்சு. அப்பதான் பணிப்பாளர் சேத்த வரியை வாசிச்சன்: "வகுப்புகள் வெள்ளி பிற்பகல் ஆரம்பிப்பதால், வெள்ளிக்கிழமைகளில் அரைநாள் லீவை அதிபரிடம் நேரில் பெற்றுக்கொள்ளவும்."

அந்த மனிசிட்ட லீவு வாங்கின ஆக்கள் ஆரும் இருந்தா, எப்பிடிக் கதைக்கணும் எண்டு ஒருக்காச் சொல்லித் தாங்க.