பூட்டிய ஃபூட்டர்

மறுபடியும் ஆண்டறிக்கையின் ஃபூட்டரில் கை வைத்திருந்தார்கள்.

ஸ்டூரே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "புகார்களுக்குச் செயலாளரை அழைக்கவும்" என்ற வரி பத்திரமாக இருந்தது. அதையடுத்த தொலைபேசி எண்ணில்தான் வேலையைக் காட்டியிருந்தார்கள். கடைசி இலக்கமான மூன்று, எட்டாகியிருந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

ஏழு வருடமாக அவர் எங்கள் லூம்விக் வீட்டுவசதிச் சங்கத்தின் செயலாளர். அன்று மாலை ஆறு மணிக்கு ஆண்டுக் கூட்டம், தேர்தல். முதல் முறையாக எதிர்த்து ஒருத்தி நிற்கிறாள். பொருளாளர் யில்வா, அறிக்கைக் கோப்பைத் திறக்கக்கூடிய இன்னொரு ஆள்.

ஸ்டூரேயிடம் இருந்த ஒரே ஆயுதம், ஏழு வருடத்தில் ஒரு புகார் அழைப்புகூட வரவில்லை என்பதுதான். சங்கம் கொடுத்த கைபேசியை தினமும் காபி மெஷினுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுவார். அது ஒருமுறைகூட மணி அடித்ததில்லை. எங்காவது குழாய் ஒழுகினால் யாரோ ஒருவன் பெட்டியோடு வந்து சரிசெய்துவிட்டுப் போவான். நிர்வாகம் ஒழுங்காக இருந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்பார் ஸ்டூரே.

அவர் நேராக இரண்டாம் மாடிக்குப் போய் யில்வாவின் கதவைத் தட்டினார்.

"ஃபூட்டர்ல கை வச்சது நீதானே?"

"ஆமா, நான்தான். ஏன்னா..."

"ஏன்னா, யாரும் என்னைக் கூப்பிட முடியக்கூடாது! நான் போனே எடுக்கறதில்லன்னு ஊரெல்லாம் பேசணும்! அதானே?"

"ஐயோ ஸ்டூரே, ஒரு நிமிஷம் கேளுங்க. பிளம்பர் பில்லைப் பார்த்தேன், கூப்பிட்டவங்க பேருன்னு..."

"பில்லைப் பத்தி எனக்குப் பாடம் நடத்தாதே! அந்த ஃபூட்டரை என் கையால டைப் பண்ணினவன் நான்!"

யில்வா காலணி அடுக்கில் சாய்ந்துகொண்டாள். "சரி. உங்க ஃபூட்டர், உங்க பாடு."

வீட்டுக்கு வந்து எட்டை அழித்து மூன்றைப் போட்டார். முதல் பக்கம் சரியாயிற்று. புரட்டிப் பார்த்தால் இரண்டாம் பக்கத்திலிருந்து அதே எட்டு பல்லைக் காட்டியது. அறிக்கையை அவரே போன வருடம் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்தார், அழகாக இருக்கும் என்று.

கோபத்தில் எல்லாப் பகுதிகளையும் முந்தைய பகுதியோடு இணைத்தார். மூன்று எல்லாப் பக்கத்துக்கும் போய்விட்டது. கூடவே, பக்கத்தின் தலையில் இருக்கும் ஹெட்டரையும் அதே வேகத்தில் இணைத்திருந்தார். அது முதல் பகுதியான சலவை அறை விதிகளிலிருந்து கிளம்பி, பின்னால் வந்த அத்தனை பக்கங்களிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. தணிக்கையாளரின் அறிக்கைக்கு மேலே கொட்டை எழுத்தில் "துவைத்து முடித்ததும் இயந்திரத்திலிருந்து பஞ்சை அகற்றவும்" என்று இருந்தது.

ஸ்டூரே அதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணுக்கு மூன்று மட்டும்தான் தெரிந்தது.

"இனிமே எவ தொடறான்னு பார்க்கறேன்" என்று ஆவணத்தைப் பூட்டினார். பாஸ்வேர்டைக் கோபத்தில் படபடவென்று இரண்டு முறை அடித்தார். அப்புறம்தான் தன் அறிக்கையின் கடைசி வாக்கியத்தை இன்னும் முடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. "செயலாளர் பதவிக்காலத்தில் வந்த புகார்கள்" என்பதோடு நின்றிருந்தது. "எதுவுமில்லை" என்று சேர்க்கப் போனால் ஒரு புள்ளிகூட விழவில்லை. பாஸ்வேர்டு என்ன? மனைவி பெயர், நாய் பெயர், செத்துப்போன பழைய நாயின் பெயர், எல்லாம் அடித்துப் பார்த்தார். பூட்டு அசையவில்லை.

மணி ஐந்தே முக்கால். வேறு வழியில்லாமல் நாற்பத்தெட்டு பிரதி அச்சடித்தார்.

சலவை அறைக்கு மேலே இருக்கும் பொதுக்கூடத்தில் காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் பரிமாறியாயிற்று. தாளைப் புரட்டப் புரட்டச் சிரிப்பு கிளம்பியது.

"ஸ்டூரே, தணிக்கையாளர் பஞ்சை எடுக்காமப் போயிட்டாரா?" என்று கேட்டார் மூன்றாம் மாடி மிர்சாத். பேருந்து ஓட்டுகிறவர், குரல் கடைசி வரிசையிலிருந்தே கணீரென்று வரும்.

"வந்த புகார்கள்னு போட்டுட்டு அப்படியே விட்டுட்டீங்களே? எழுத இடம் பத்தலையா?" என்றது இன்னொரு குரல்.

ஸ்டூரேயின் காதுமடல் சிவந்தது. எழுந்து நின்றார்.

"சிரிங்க! நல்லா சிரிங்க! ஏழு வருஷம் உங்களுக்காக உழைச்சேன். ஒரு புகார் வந்திருக்குமா? ஒரே ஒரு போன்? இந்தக் கட்டடத்துல குழாய்கூட தானா சரியாகுது! அப்படிப்பட்ட மனுஷனோட நம்பரையே ஒருத்தி தப்புங்கறா!"

யில்வா ரொட்டியைக் கடித்தபடி கூரையைப் பார்த்தாள்.

ஸ்டூரே கைபேசியை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"யாராவது இப்பவே அந்த நம்பருக்கு அடிங்க! ஸ்பீக்கர்ல போடுங்க! யார் பொய் சொல்றாங்கன்னு சபையே பார்க்கட்டும்!"

"டைப் பண்ணவே வேண்டாம், என் போன்லதான் சேவ் ஆகி இருக்கே" என்று மிர்சாத் பொத்தானை அழுத்தினார்.

மிர்சாத்தின் ஸ்பீக்கரில் மணி அடித்தது. ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த கைபேசி கம்மென்று கிடந்தது. மூன்றாவது மணியில் வயதான ஒரு பெண் குரல் எடுத்தது.

"லூம்விக் சங்கம், இங்கெயார்ட் பேசறேன். யாரு, மிர்சாத்தா? உங்க குழாய்க்கு வியாழக்கிழமை ஆள் வர்றான்ப்பா, சொல்லிட்டேன். உங்க தாள்ல என் வீட்டு நம்பரைப் போட்டதிலேருந்து நான்தானே இதெல்லாம் பார்க்கறேன். அந்தச் செயலாளர்கிட்ட போய் நிக்காதீங்க, பாவம், ஏழு வருஷமா அவருக்கு யாரும் எதுவும் சொல்றதே இல்ல போலிருக்கு."