விசுவாசிகள் மன்றாட்டில் வந்த சங்கம்

எனக்கு வாய் நீளம், எழுத்துத்தான் கட்டை. இதை ஒத்துக்கொள்ள வெட்கமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வெட்கப்பட என்ன மிச்சம்?

என் கடைக்குட்டி ஜெறோம் கொழும்பில் ஒரு கழகத்தில் சம்பளத்துக்குப் பந்தடிக்கிறவன். (எங்கள் பேசாலை ஊர்ப் பிள்ளை வேறென்ன செய்யும்? கடலுக்குப் போகும், இல்லையென்றால் பந்தடிக்கும்.) எங்கள் கோயில் திருவிழா ஆட்டத்துக்கு வந்த அவனுடைய அணி என் வீட்டில்தான் தங்கியது. கூட்டாளி ஒருவனுக்கு முழங்கால் சவ்வு கிழிந்ததும், வைத்தியம்கூடப் பார்க்காமல் கழகம் அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்தக் கோபத்தில் பிள்ளைகள் சங்கம் அமைக்கப் புறப்பட்டார்கள். பதினெட்டுப் பேரில் பதினாலு பேர் கையெழுத்து வைத்தாயிற்று. நாலு பேருக்குப் பயம்.

"எல்லாரும் வைக்கிறதுக்கு முந்தி மனேஜருக்குத் தெரிஞ்சா கழகத்தில இருந்து முதல்ல என்னைத்தான் கலைப்பினம். ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ அம்மா," என்றான் ஜெறோம்.

"நான் ஆரிட்டையடா சொல்லப்போறன்?" என்றேன்.

மனிதரிடம் சொல்லவில்லைதான். கடவுளிடம் சொன்னேன். ஞாயிறு பூசை மன்றாட்டில் சேர்க்கச் சொல்லி, மடத்துச் சிஸ்டரிடம் சங்கக் கதையையும் மனேஜரின் கல்மனத்தையும் பதினெட்டுப் பெயரையும் ஒப்புவித்தேன். என் மகனை முதலில் எழுதச் சொன்னேன், 'தலைவர்' என்ற பட்டத்தோடு. (பெத்த மனம்!)

பூசைக்குப் போனால், முன்வரிசைக் கதிரையில் விருந்தாளியாக மனேஜர்! ஆட்டம் பார்க்க அன்று காலைதான் வந்து இறங்கியிருக்கிறார். ஒலிபெருக்கியில் சிஸ்டர் வாசித்தார்: "காயப்பட்டால் வைத்தியம் கேட்டுச் சங்கம் அமைக்கும் தலைவர் ஜெறோமுக்காகவும்..." பதினெட்டுப் பெயரும் கடற்கரைவரை கேட்டன. "அவர்களுடைய மனேஜரின் கல்மனம் கரையவும் மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது கோயில் முழுக்க. பழக்கதோஷத்தில் மனேஜரும் சேர்ந்து சொல்லிவிட்டார்.

நான் முக்காட்டை மூக்குவரை இழுத்தேன்.

வெளியே ஜெறோம் முகத்தில் ஈயாடவில்லை. பயந்த நால்வரில் ஒருவனான கோல்காப்பாளன்தான் முதலில் வாய் திறந்தான்.

"இனி ஒளிக்க என்ன கிடக்கு அன்ரி? ஊருக்கே பேரை வாசிக்க வைச்சிட்டியள். பேனையைத் தாங்கோ!"

வாசலில் நின்ற மோட்டார்சைக்கிள் சீற்றில் வைத்தே நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பதினெட்டுப் பேரையும் கலைத்தால் பின்னேரம் பந்தடிக்க ஆர்? மனேஜர் என்னிடம் வந்து, "என்ர மனம் அவ்வளவு கல்லில்லை அம்மா," என்று முறைப்பாடு வைத்துவிட்டுப் போனார்.

அவர் மனம் கரைந்ததோ, பயந்ததோ, முழங்கால் பிள்ளைக்குக் கழகமே ஒப்பரேஷன் செய்வித்தது. இப்போது அவன் ஓடுகிறான். ஆண்டவருக்கும் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் நான் கடமைப்பட்டவள். என் வாய்க்கு நன்றி சொன்ன சனம் அந்தப் பிள்ளைகளைத் தவிர வேறு இல்லை.

வீட்டில்தான் மானம் போகிறது. ரகசியம் சொல்ல வரும் மருமகள் இன்றைக்கும் ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவாள்:

"மாமி, இது மன்றாட்டுக்கு இல்லை."