மூன்று நிமிடத்துக்கு உட்பட்ட மகள்

மனிதகுலம் தொலைபேசியைக் கண்டுபிடித்ததே, பிற்காலத்தில் என் மாமனார் அதன் கட்டணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர், கடல் கடந்த அழைப்புகளைச் சல்லிசாக்கும் துறையில் எங்கள் வீட்டு ‘நிபுணர்’. இளைய மகள் வேலைக்காக வெளிநாடு போன அன்றே அந்தத் துறை துவக்கப்பட்டது.

அவள் ஒருமுறை மணியடித்து வைத்தால் ‘கூப்பிடுங்கள்’ என்று பொருள். அன்று காலை விடாமல் அடித்தாள்.

“எடுக்காதே! எடுத்தா அவளுக்குக் காசு!” என்று மாமனார் பாய்ந்து வந்தார்.

“ஏதோ அவசரம் போல இருக்குங்க” என்றார் மாமியார்.

“அவசரப்படறவங்களை நம்பித்தான் இந்தக் கம்பெனிக்காரன் பொழைக்கிறான்” என்று மாமனார் கூட்டத்தைக் கூட்டினார்.

சாப்பாட்டு மேசையில் மூன்று அழைப்பு அட்டைகள் வைக்கப்பட்டன. முதல் கம்பெனியில் நிமிடக் கட்டணம் அற்பம். ஆனால் எதிர்முனையில் எடுத்தவுடன் ‘இணைப்புக் கட்டணம்’ என்று ஒரு கடி. இரண்டாவதில் அது கிடையாது. ‘ஹலோ’ சொல்லி வைத்தாலும் மூன்று நிமிடமாகக் கணக்கு. மூன்றாவதில் இரண்டும் கிடையாது. பேசாமல் வைத்திருந்தால் ‘பராமரிப்புக் கட்டணம்’ என்று அட்டை தானாகவே இளைத்துவிடும்.

“பேசினாலும் காசு, பேசலைன்னாலும் காசா?” என்றேன்.

“கல்யாணம் மாதிரிதான் மாப்பிள்ளை” என்றார். என் மனைவி முறைத்தது என்னை.

கூட்டல் கழித்தல்கள் முடிந்து, சாயங்காலம் தீர்ப்பு வந்தது. இரண்டாவது அட்டை, மூன்று நிமிடம் நிறையும் தறுவாயில் வைத்துவிட வேண்டும். உடனே ஒத்திகை. நலம் விசாரிப்பு மாமனார், வானிலை நான், சாப்பாடு மாமியார்.

“நான் வேற ஏதாவது கேக்கணும்னா?” என்றார் மாமியார்.

“அது அஜெண்டாவுல இல்ல.”

ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தோம். “குரல் எப்படிக் கேக்குது? எதிரொலி இருக்கா? இது புது கார்டும்மா” என்று தொழில்நுட்ப ஆய்விலேயே மாமனார் தன் நேரத்தையும் மாமியாரின் நேரத்தையும் தீர்த்தார். நான் கடமை தவறாமல் வானிலையை விசாரித்தேன்.

“அதை விடுங்க அத்தான். அப்பா, நாளைக்கு எனக்கு ஆபரே...”

டக். வைத்துவிட்டார்.

“ஒரு வினாடி வீணாகல!” என்று எங்களை வெற்றிப் பார்வை பார்த்தார்.

“என்னமோ ‘ஆபரே’ன்னாளே?” என்றேன்.

“ஆபரேட்டர்! எந்த ஆபரேட்டர் வழியா கூப்பிடறோம்னு கேக்க வந்திருக்கா. என் ரத்தமாச்சே!”

மாமியார் எழுந்து போய், எந்த அட்டையும் இல்லாமல், முழுக் கட்டணத்தில், நேரடியாக எண்களை அழுத்தினார். ஸ்பீக்கரையும் போட்டார்.

வயிற்றில் கட்டியாம். காலையில் அறுவை சிகிச்சையாம். “சின்னதுதான்னு சொல்றாங்க. ஆனா பயமா இருக்கும்மா” என்றாள்.

மாமியார் அவளோடு பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற மாமனாரின் முகம் வெளிறிப்போயிருந்தது. மகளை நினைத்தா, கட்டணத்தை நினைத்தா என்று தணிக்கை செய்யும் தகுதி எனக்கில்லை.

“அப்பாகிட்ட குடும்மா.”

அவர் குனிந்தார். தொண்டையைக் கனைத்தார். முழுக் கட்டணத்தில் மௌனம் ஓடியது. வாய் திறந்து திறந்து மூடியது. கடைசியில் ஒரு வாக்கியம் வெளியே வந்தது.

“வேற ரெண்டு மூணு ஆஸ்பத்திரியில ரேட் விசாரிச்சியாம்மா?”

“விசாரிச்சேன்ப்பா” என்றாள். “காசைப் பத்தி எல்லாரும் அப்புறமாத்தான் பேசினாங்க. ‘உங்ககூட யாரு இருக்கா?’ன்னுதான் முதல்ல கேட்டாங்க.”