மச்சினனின் காலுறையும் மேடத்தின் விரலும்

மூன்றாவது முறையும் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

லேப்காரர் கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பேருக்குக்கூட ஒரு புள்ளி இல்லை.

அது குடிதண்ணீரைச் சோதிக்கும் சின்னப் பரிசோதனைக்கூடம். கிருமி வளர்ப்பதுதான் அவர் பிழைப்பு. மாட்டிறைச்சிச் சாறு, பெப்டோன் என்கிற புரதப் பொடி, உப்பு, கெட்டியாக்கும் அகர், தண்ணீர் ஐந்தையும் கலந்து காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவிட்டால் கிருமிகளுக்கு விருந்து தயார். இன்ன கிருமிக்குத்தான் என்ற பாகுபாடெல்லாம் அந்தச் சமையலுக்குக் கிடையாது, வந்தவர்களுக்கெல்லாம் பந்தி. தட்டின் மேல் அழுக்குத் தண்ணீரைத் தடவி, எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் சூட்டுப்பெட்டிக்குள் காலையில் வைத்தால், மறுநாள் காலையில் வெள்ளை வெள்ளையாகக் கூட்டம் கூடியிருக்க வேண்டும்.

"சாக்கடைத் தண்ணியையே தடவினேன் மேடம். அப்பவும் வரல."

"அப்போ சாக்கடை சுத்தமா இருக்குங்கறீங்களா?" என்றார் மேலதிகாரி.

"அப்படி இல்ல மேடம்."

"அப்போ உங்க சமையல்தான் சரியில்ல. வெள்ளிக்கிழமை பரிசோதகர் வர்றாரு. அவர் கண்ணு முன்னாடி கிருமி வளரணும். வளரலைன்னா, திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம்."

லேப்காரர் தற்காலிக ஊழியராகவே காலம் தள்ளியவர். இந்த மாதம்தான் நிரந்தரமாக்குகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

முதல் சந்தேகம் மாட்டிறைச்சிச் சாற்றின் மேல் விழுந்தது. ஜாடியில் கறுப்பாகப் பிசுபிசுத்துக் கிடந்ததை வயசாகிவிட்டது என்று ஒதுக்கிவிட்டுப் புதுசு வரவழைத்தார். பலன் இல்லை. பெப்டோனை இரண்டு பங்காக அள்ளிப் போட்டார். உப்பைக் குறைத்தார். அகர் மேல் சந்தேகம் வந்து அதைக் கூட்டியபோது தட்டு செருப்பு ரப்பர் மாதிரி ஆனது. குறைத்தபோது உறையாமல் வழிந்து மேஜையை நாசமாக்கியது. கிருமி மட்டும் வரவில்லை.

சாப்பாட்டில் குறையில்லை, சாப்பிட வருகிறவர்களுக்குத்தான் தெம்பில்லை என்று அடுத்து முடிவு கட்டினார். நல்ல வீரியமுள்ள கிருமிக்கு அவர் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. வேலை தேடுகிறேன் என்று வந்து வீட்டோடு தங்கிவிட்ட மச்சினனின் காலுறை இருந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தட்டில் நன்றாகத் தேய்த்தார்.

மறுநாள் தட்டு பளிச்சென்று இருந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்.

"பாத்தீங்களா," என்றாள் வீட்டுக்காரி. "வந்த நாள்லேர்ந்து என் தம்பியக் கரிச்சுக் கொட்டினீங்க. உங்க மெஷினே சொல்லிடுச்சு, அவன் சுத்தம்னு."

"அது மெஷின் இல்ல, வெறும் தட்டு..."

"எதுவா இருந்தா என்ன. அவன் ஷூவை வெளிய வைக்கச் சொன்னீங்கல்ல? இனிமே உள்ளதான் இருக்கும்."

மச்சினன் அன்றோடு காலுறை துவைப்பதையே விட்டுவிட்டான். "லேப்ல பாஸான சாக்ஸ், மாமா. துவைச்சுக் கெடுப்பானேன்?"

அடுத்து கேண்டீனில் மேஜை துடைக்கும் துணி. அதன் நிறம் என்னவாக இருந்தது என்று கேண்டீன்காரருக்கே மறந்துபோயிருந்தது. அதிலும் ஒன்றும் வளரவில்லை. சேதி எப்படியோ கேண்டீன்காரர் காதுக்குப் போய், 'பரிசோதனைக்கூடத்தில் சோதிக்கப்பட்டது, கிருமி அறவே இல்லை' என்று பலகை மாட்டிவிட்டார். அதை நம்பிச் சாப்பிட்ட அலுவலகத்தார் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடுப்பில் போனார்கள். மீதிப் பேர் லேப்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மேலதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க கொண்டாங்க தட்டை," என்று வாங்கித் தன் ஆள்காட்டி விரலையே அழுத்திக் கொடுத்தார்.

விரலிலும் கிருமி இல்லை. அவர் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் மலர்ந்தது.

"என் கை சுத்தம்னு எனக்குத் தெரியும். ஆனா வர்றவர் கிருமியத்தானே கேப்பாரு," என்று அடுத்த நிமிஷமே பழையபடி கடுகடுத்தார்.

வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்தார். வழக்கமாகக் காலையில் தட்டுகளைப் பெட்டியில் வைத்துவிட்டுத் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துவர வெளியே போகிற லேப்காரர், அன்று எங்கும் போகாமல் கை கட்டி நின்றார். பரிசோதகர் ஐந்து பொருளையும் தானே எடை போட்டார். தானே காய்ச்சினார். தான் கொண்டுவந்த குப்பியிலிருந்து நல்ல கொழுத்த கிருமியைத் தட்டுகளில் தடவி, சூட்டுப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"சரக்குல ஒரு குறையும் இல்ல," என்றார். "நாளைக்கு வளர்ந்துட்டா, இத்தனை நாள் தப்பு இவர் கையிலதான்னு அர்த்தம்."

"நானும் அதைத்தான் சார் சொல்றேன்," என்றார் மேலதிகாரி. "இங்க எல்லாமே சரியாதான் இருக்கு. இந்த ஆள் ஒருத்தர்தான் சரியில்ல."

லேப்காரருக்கு அழுகை வந்தது. வளர்ந்தாலும் வேலை போகும், வளராவிட்டாலும் போகும். வீட்டில் என்ன சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. போன மாதம் மேலதிகாரியிடம் சேர்ந்த புது டிரைவர் சாப்பாட்டு கேரியரோடு உள்ளே வந்தார். யாரையும் கவனிக்காமல் நேரே போய்ச் சூட்டுப்பெட்டியைத் திறந்தார். தட்டுகளை ஓரமாகத் தள்ளிக் கேரியரை நடுவில் வைத்து மூடி, குமிழைக் கடைசிவரை திருகினார். உடம்புச் சூட்டில் நின்றிருந்த முள் கொதிக்கிற பக்கமாக நகர ஆரம்பித்தது.

பரிசோதகர் மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் எல்லாரையும் பார்த்துப் பணிவாகச் சிரித்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார், மேடத்துக்குச் சாப்பாடு சுடச்சுட இருந்தாத்தான் இறங்கும், தினமும் இவர் தண்ணி எடுக்கக் கிளம்பினதும் வெச்சுட்டு, இவர் வர்றதுக்குள்ள பழையபடி திருகி விட்டுடுவேன்."