படத்தில் தெரிந்த கம்பி

கணினித் திரையில் அமீருதீனின் இடுப்பெலும்புக்கு நடுவே, சிறுநீர்ப்பைக்குள், வெள்ளையாக ஒரு கம்பி சுருண்டு கிடந்தது.

படம் எடுத்தவன் திலீப். ராயபுரத்து எக்ஸ்ரே சென்டரில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இதுவரை நெஞ்சுப் படம் மட்டுமே எடுத்திருக்கிறான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பில் இதே மாதிரிப் படங்களைக் காட்டினார்கள். பிறப்புறுப்பு வழியாகத் தாங்களாகவே உள்ளே விட்டுக்கொண்ட சாமான்கள்: பேனா ரீஃபில், இயர்போன் ஒயர். 'கூச்சப்படுவார்கள், மனம் நோகாமல் கேளுங்கள்' என்றும் சொன்னார்கள்.

நோகாமல் கேட்டான்.

"பாய், உள்ள ஒண்ணு கீது. உங்களுக்குத் தெரியுமா?"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அமீருதீன் தலையைத் தொங்கப் போட்டார். "தெரியும் சார்."

"எத்தினி நாளா?"

"ஒரு வருசமா."

திலீப் குரலைத் தாழ்த்தினான். "வூட்ல?"

"தெரியாது. சொல்லிடாதீங்க சார், கொன்னுடுவா."

"பயப்படாதீங்க பாய். உலகத்துல நடக்காததா?"

"அது தெரியும் சார். அன்னிக்கு என்கூடவே ஆறு பேரு."

"ஆறு பேரா?"

"அல்லாரும் ஆம்பிளைங்க. வரிசையா படுத்துகினு இருந்தோம்."

வகுப்பில் இதைச் சொல்லித்தரவில்லை.

வெளியே அமீருதீனின் மனைவி ஹஃப்சா காத்திருந்தாள். "இன்னா தம்பி, படத்துல இன்னா கீது?"

திலீப் ரகசியம் காத்தான். "அது அவரோட பர்சனல்க்கா."

"பர்சனல்னா? பொம்பள சமாச்சாரமா?"

அந்தப் பழியிலிருந்தாவது அவரைக் காப்பாற்ற நினைத்தான் திலீப். "சேச்சே! பொம்பளையே கிடையாதுக்கா. ஆறு ஆம்பிளைங்க."

ஹஃப்சா பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து தண்டையார்பேட்டை அண்ணன் காலிதுக்குப் போன் போட்டாள். "அண்ணே, ஆட்டோ எடுத்துகினு வா. நான் உன் வூட்டுக்கே வந்துர்றேன்."

அமீருதீன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஹஃப்சா, தப்புதான். எடுத்துடறேன். பயந்துகினு..."

"யாரு அந்த ஆறு பேரு?"

"பேரெல்லாம் கேட்டுக்கல."

ஹஃப்சா ஓவென்று அழுதாள். சத்தம் கேட்டு, தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா செல்லம்மா வந்தாள். சில மாதங்கள் முன்புவரை ஒரு பெரிய ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள். திறந்த கதவு வழியே திரையைப் பார்த்தாள். அமீருதீனைப் பார்த்தாள்.

"இன்னா பாய், கிட்னி கல்லு எடுத்தப்போ டாக்டரு வெச்ச டியூப்பு இன்னும் உள்ளயே கீது? வார்டுல கூடப் படுத்திருந்த ஆறு பேரும் மூணு மாசத்துல வந்து எடுத்துகினு பூட்டாங்களே!"