நாற்பத்து மூன்று அங்குலச் சுயம்வரம்

அக்டோபர் 1, 2025, புதன்கிழமை. ஆயுத பூஜை. டிவிக்குச் சந்தனப் பொட்டு வைப்பதற்கு முன் ஈரத்துணியால் திரையைத் துடைத்தேன். துணியை நன்றாகப் பிழிந்திருக்க வேண்டும், பிழியவில்லை. தண்ணீர் கீழ்விளிம்புக்குள் இறங்கிவிட்டது. தவறு என்னுடையதுதான்.

என்று தன் நாட்குறிப்பில் நீல மையால் எழுதி, கடைசியிலுள்ள 'தான்' என்பதை அடித்துவிட்டு, மனம் உறுத்த மறுபடியும் எழுதிச் சேர்த்த நங்கை நல்லாள் வாழி! பெங்களூரு விவேக் நகர்க் குறுக்குத் தெருவொன்றின் மாடி வீட்டில் வாழும் மாதரசி, பகலெல்லாம் பல் மருத்துவரின் வரவேற்பறையில் பணிபுரிந்து மாலையெல்லாம் கணக்கியல் வகுப்பில் அமரும் கல்விச் செல்வி, அட்டவணை வரையாமல் அரைக்கிலோ பருப்பும் வாங்காத ஆய்வுத் திலகம், ஒரு குக்கர் வாங்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆராய்ந்து, வாங்கி வந்த அன்றே 'அந்த இன்னொன்றை எடுத்திருக்கலாமோ' என்று முகம் வாடிய ஐயமாலை அணிந்த அணங்கு, தமயந்தி வாழி! அவள் கைப்பையில் சுருண்டு கிடக்கும் அளவு நாடா வாழி! தொலைக்காட்சி வாங்குவோரைக் காக்கும் தெய்வம் எதுவென்று எந்த நூலும் கூறவில்லை. ஆதலால் இக்காதை முடியும்வரை கரண்ட் போகாதிருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு தொடங்குவோம்.

வீழ்ந்தவனின் புகழை முதலில் பாடுவதே முறை. முப்பத்திரண்டு அங்குல மார்பகலம் உடையவன். தமயந்தியின் திருமணச் சீரோடு புறப்பட்டு, லாரியில் குலுங்கி, ஓசூர் எல்லை கடந்து இந்நகர் புகுந்தவன். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் மருத்துவம் கேளாதவன். அத்தகையோன், ஆயுதங்களுக்கெல்லாம் அருச்சனை நடக்கும் அத்திருநாளில், இரும்பு அரிவாள்மனையும் இட்லி கிரைண்டரும் பொட்டணிந்து பொலிவுற்று நிற்க, தான் மட்டும் நெற்றியில் சந்தனமும் அடிவயிற்றில் தண்ணீருமாக மயங்கிச் சாய்ந்தான். உயிர் போகவில்லை, குரலும் போகவில்லை. ஆனால் திரையின் கீழ்ப்பாதியில் கோடுகள் எழுந்தன. அன்று முதல் அத்திரையில் தோன்றிய மாந்தர் யாவரும் மூக்குவரை தெளிவாகவும், மூக்குக்குக் கீழே சிறைக் கம்பிகளுக்குப் பின்னாலும் நின்றார்கள். பழுது பார்க்க வந்தவர், பேனல் மாற்றும் செலவில் புதிதே வாங்கிவிடலாம் என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார்.

"ஆயுத பூஜைக்கு வண்டியக் கழுவுவாங்க, பாத்திருக்கேன்," என்றான் அவள் கணவன் ரகு, எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி வண்டியில் போய்வரும் பொறுமைசாலி. "டிவியக் கழுவினவ நீ ஒருத்திதான்."

இந்த ஏளனம் அவளைத் தைக்கவில்லை. தைத்தது வேறு. அவ்வீட்டில் ரகுவின் தாய் ஜானகி வாழ்ந்தாள். முழங்கால் வலி அவளை மாடிப்படிகளிலிருந்து பிரித்து வைத்திருந்தது. தெருவும் கடையும் ஊர்வம்பும் அவளுக்கு எல்லாமே இரவு எட்டரை மணித் தொடர்தான். அத்தொடரில் ஒரு டாக்டர் இருந்தார். ஒரு பிள்ளையின் பிறப்பு இரகசியத்தை அவர் மட்டுமே அறிவார். அதைச் சொல்ல அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் விளம்பரம் வந்து வாயை மூடிற்று. சோப்பும் மசாலாப் பொடியும் சேர்ந்து மூன்றாண்டுக் காலம் அந்த உண்மையைக் காத்துவந்தன. இப்போதோ, வரும் திங்கட்கிழமை டாக்டர் சொல்லியே தீர்வார் என்று முரசறைந்து அறிவித்துவிட்டார்கள்.

"போன்லலாம் எனக்குப் பாக்க வராதும்மா. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு," என்று ஜானகி சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. "மூணு வருஷமாப் பாத்துட்டு, கடசி நாள் வேற யாராவது சொல்லிக் கேக்கணுமா?"

அச்சொல் கேட்டாள் தமயந்தி. திங்கட்கிழமை எட்டரைக்குள் இல்லத்தில் புதுத்திரை ஒளிரும் என்று அடுப்பைச் சாட்சியாக வைத்துச் சூளுரைத்தாள். இல்லக் கருவூலம் இதற்கென ஒதுக்கியது இருபதாயிரம் ரூபாய். அதற்குமேல் ஒரு காசும் இல்லை என்பதையும் அடுப்பே அறியும். ரகுவும் தன் பங்குக்கு ஒரு சூளுரைத்தான்: ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் முடிவெடுக்காவிட்டால், அத்திபெலேயில் தன் நண்பனின் மச்சான் கடைக்குப் போய், அவன் கொடுப்பதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். இன்னொரு குக்கர் காலத்தை அவன் உடம்பு தாங்காது.

போர் தொடங்கிற்று. அண்ணல்களே, அட்டவணை என்பது கோழைகளின் கேடயம் என்று எண்ணாதீர். அவள் வரைந்தது பதினான்கு நெடுவரிசை கொண்ட பத்மவியூகம். அங்குலம், அகலம், ஒலி வாட், மின்செலவு, உத்தரவாத ஆண்டு, சர்வீஸ் சென்டரின் தொலைவு, இரு கால்களுக்கு இடையேயுள்ள தூரம் என ஒன்றையும் அவள் விடவில்லை. யூடியூப் வனத்தில் தவமியற்றும் விமர்சன மாமுனிவர்களையும் நாடினாள். சப்ஸ்கிரைப் செய்க என்ற மந்திரத்தை முன்னும் பின்னும் ஓதிய அம்முனிவர்களுள் ஒருவர் நாற்பத்து மூன்றே நன்று என்றார்; ஒருவர் அதை வாங்குவதற்குப் பதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார்; மூன்றாமவர் இரண்டும் உண்மை என்று சொல்லி மறைந்தார். வியாழனன்று குழந்தை இயேசு கோயிலுக்கு வந்த கூட்டம் தெருவை நிறைத்து, பூக்காரர்களும் மெழுகுவத்திக்காரர்களும் குரலெடுத்து விற்றுக்கொண்டிருக்க, அவள் மட்டும் மாடியில் அமர்ந்து மாடல் எண்களை உருப்போட்டாள். வெள்ளியும் சனியும் அவ்வண்ணமே கழிந்தன. ஒன்றை முடிவு செய்வாள்; தேநீர் ஆறுவதற்குள் அம்முடிவும் ஆறிப்போகும்.

ஞாயிறு விடிந்தது. ஓசூர் சாலையிலுள்ள அந்தப் பெருங்கடையின் வாசலில் தீபாவளித் தள்ளுபடியை முன்னறிவித்துப் பலூன் தோரணம் ஆட, குளிரூட்டியின் மூச்சு யானையின் பெருமூச்சென எதிர்வர, நாயகி உள்ளே புகுந்தாள். பின்னால் ரகு, அளவு நாடாவைச் சுமக்கும் தேர்ப்பாகனாக.

ஆ! அங்கே சுவர் முழுதும் மணமகன்கள். பல குலத்தார், பல விலையார், ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே முகம்! எல்லாத் திரையிலும் ஒரே பஞ்சவர்ணக் கிளி ஒரே நேரத்தில் சிறகடித்தது. எல்லாத் திரையிலும் ஒரே தேன் ஒரே கரண்டியிலிருந்து ஒழுகியது. கிளியின் சிவப்பில் கண் கூசியது. அப்படியொரு கிளி எந்தக் காட்டிலும் பிழைத்திருக்க முடியாது, பருந்துக்கு அரைக்காத தொலைவிலேயே தெரிந்துவிடும். இத்தகைய மயக்கத்தில் தகுதியானவனைத் தேர்வது எங்ஙனம்? மாலை ஏந்த வேண்டிய கையில் அவள் அட்டவணையை ஏந்தி நின்றாள்.

அப்போது எதிர்ப்பட்டான் விற்பனைச் சிங்கம் சுதீர். கழுத்தில் அடையாள அட்டை, நாவில் தவணைத் திட்டம்.

"நோடி, பாருங்க மேடம், இந்த அம்பத்தஞ்ச ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது," என்றான்.

"அதான் பயமா இருக்கு," என்றாள் தமயந்தி. "அந்தக் கிளிய நிறுத்திட்டு நியூஸ் போடுங்க."

சுதீர் திகைத்தான். கிளியை நிறுத்தச் சொன்ன வாடிக்கையாளரை அவன் கண்டதில்லை போலும். ஆயினும் பணிந்தான். கிளி பறந்தது, தேன் வறண்டது, செய்தி வாசிக்கும் பெண்ணொருத்தி திரைதோறும் தோன்றினாள். ஒன்றில் அவள் மஞ்சள் பூசிக் குளித்தெழுந்தவள் போலிருந்தாள். ஒன்றில் நீரில் மூழ்கியவள் போல நீலம் பாரித்தாள். ஐம்பத்தைந்து அங்குலத்தில் பல் மட்டுமே தெரிந்தது. பல் மருத்துவமனையில் பணிபுரிபவளை அதைக் காட்டி மயக்க முடியுமா? பின்னர் தமயந்தி ஒரு செயல் செய்தாள். சுயம்வர மண்டபங்களில் முன்னெப்போதும் எவரும் செய்யாத செயல். மணமகன்கள் அனைவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். ஒவ்வொன்றாய் ஒலியைக் கூட்டச் சொல்லிக் கண்மூடிக் கேட்டாள். அடுப்படியில் நிற்பவளுக்கும் கேட்க வேண்டும், கட்டிலில் கிடப்பவளுக்கும் கேட்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பலர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார்கள். சிலர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார்கள்.

கடைக்கோடியில், குளிரூட்டி சொட்டும் நீருக்காக வைத்த வாளிக்கு அருகே, புகழ்மொழி அட்டை ஏதுமின்றி நின்றிருந்த ஒருவன் மட்டும் வீட்டு மனிதர் பேசுவது போலப் பேசினான். அவள் திரும்பினாள். அவன் திரையில் செய்தி வாசிப்பவளின் கண்ணுக்குக் கீழே லேசான கருவளையம் தெரிந்தது. பாவம், அவளும் வேலைக்குப் போகிறவள்தானே! நாற்பத்து மூன்று அங்குலம். நாடாவைப் பிடித்துக் கால்களின் இடைவெளியை அளந்தாள். வீட்டு மேசைக்கு இரண்டு விரல் இடம் மிச்சம். வரிசைகளைச் சரிபார்த்தாள்; பதினான்கிலும் தேறினான். விலை மட்டும் ஐந்நூறு மிகுந்து நின்றது. அந்த ஐந்நூறுக்காக நடந்த துவந்த யுத்தத்தில் சுதீர் மும்முறை மேனேஜரிடம் ஓடினான். தமயந்தி ஒருமுறை வாசல் வரை நடந்தாள். அவன் தளர்ந்தான். நீட்டிப்பு உத்தரவாதம் என்னும் நாகாஸ்திரத்தை அவன் இறுதியாக ஏவ, அவள் தலை குனிந்து அதைத் தலைக்கு மேலே போகவிட்டாள்.

எல்லாம் முடிந்த வேளையில் ஐயம் என்னும் பழைய பகை அவளைப் பற்றிற்று. பழையதைக் கொடுத்தால் ஆயிரம் குறையும் என்றிருந்தான் சுதீர். புதியதை இறக்கும் வண்டியே திங்கட்கிழமை பழையதை ஏற்றிச் செல்லும். கையொப்பமிடப் போனவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள். பழையது புதன்கிழமை வரை வீட்டில் இருக்கட்டும் என்றாள். அப்படியானால் ஆயிரம் ஐந்நூறாகும் என்று சுதீர் எச்சரித்தான்.

ரகு தலையில் கைவைத்தான். "புது மாப்பிள வந்தப்புறமும் பழைய மாப்பிளைக்கு வீட்ல பாய் போடுவியா?"

"ஒருவேளைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றாள் அவள். அந்த ஒருவேளை என்னவென்று அவளுக்கே தெரியாது. ஐந்நூறு ரூபாய் போயிற்று. வீடு வரும்வரை ரகு ஆட்டோக்காரரிடம் மட்டுமே பேசினான்.

திங்கள். காலையிலேயே பெட்டி வந்து கூடத்தில் கோட்டைச் சுவரென நின்றது. நிறுவுபவர் வருமுன் பெட்டியைப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று அதன்மேல் எழுதியிருந்தது. நான்கு மணிக்கு வருகிறேன் என்றவர் ஐந்துக்கு வருவதாகச் சொன்னார். ஐந்தில் ஆறு என்றார். ஆறில் போன் எடுக்கவில்லை. ஒரு வகுப்பையும் தவறவிடாத தமயந்தி அன்று வகுப்புக்குப் போகவில்லை. எட்டு மணி கடந்தபின் படியேறி வந்தார் அச்யுத், தோளில் பையும் இடுப்பில் டிரில்லுமாக. சுழன்றார், பிரித்தார், நிறுத்தினார். மேசையின்மேல் இரு கால்களும் அவள் கணித்தபடியே பொருந்தி நின்றன. கேபிள் பெட்டியின் ஒயர்களை அவள் எடுத்து நீட்டினாள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள்.

அச்யுத் புதியவனின் முதுகைத் தடவிப் பார்த்தார். "அக்கா, இந்த மூணு கலர் இதுல போகாது. சின்ன ஓட்ட ஒண்ணு இருக்கு, அதுக்குத் தனியா ஒயர் வரும். பாக்ஸ்ல குடுக்கல. எஸ்.பி. ரோட்ல சிக்கும், ஆனா இப்ப கடையெல்லாம் மூடியிருப்பாங்க."

பதினான்கு நெடுவரிசைகளே! கோட்டையின் எல்லா வாயிலையும் காத்த வீரர்களே! பின்வாசலில் மூன்று துளை உண்டா என்று பார்க்க ஒருவருக்குமா தோன்றவில்லை? இன்டர்நெட் வழியே முயல்வோம் என்று தமயந்தி தன் போனின் இணைப்பைக் கொடுத்தாள். புதியவன் மொழி கேட்டான், ஊர் கேட்டான், நிபந்தனைகளுக்குச் சம்மதம் கேட்டான், பிறகு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளப் போவதாக அறிவித்துக் கண்மூடித் தவத்தில் அமர்ந்தான். நான்கு சதவீதம். ரகு டோல் அருகே நெரிசலில் நிற்பதாகப் போன் செய்தான். ஐந்து சதவீதம். ஜானகி கம்பூன்றி வந்து நாற்காலியில் அமர்ந்தாள். புடவை மாற்றியிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், சதவீதத்தைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள்.

தமயந்தி உள்ளறைக்கு ஓடினாள். பீரோவுக்குப் பின்னே, பழைய பெட்ஷீட் போர்த்தி, நெற்றிச் சந்தனம் காய்ந்து உதிர, அழைப்பார் யாருமின்றிக் காத்திருந்தான் பழையவன். குழந்தையைத் தூக்குவது போல வாரியெடுத்து வந்து புதியவனின் காலடியில், முக்காலியின்மேல் வைத்தாள். சிவப்பு புகுந்தது, வெள்ளை புகுந்தது, மஞ்சள் புகுந்தது. தொடரின் பாட்டு எழுந்தது! மேலே நாற்பத்து மூன்று அங்குல மாமன்னன் ஆறு சதவீதத்தில் அறிதுயில் கொள்ள, கீழே கிழவீரன் கம்பிகளுக்கிடையே கர்ஜித்தான். டாக்டர் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். விளம்பரம் வரவில்லை. அவர் வாய் கோடுகளுக்குள் இருந்தது. குரல் கூடமெங்கும் தெளிவாக இருந்தது: அந்தப் பிள்ளை அவருடைய பிள்ளையேதான்.

டிரில்லைக் கையில் பிடித்தபடியே அச்யுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜானகி நாற்காலியில் சாய்ந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள், மூன்றாண்டு முற்றுகையை வென்ற பேரரசியைப் போல. "ரெண்டு பேருக்கும் மூக்கப் பாத்தியா? வேற எதுவும் தெரியாததால இன்னிக்கு நல்லாத் தெரிஞ்சுது." பிறகு மருமகளின் கையைப் பிடித்து அருகில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

ரகு படியேறி வந்தபோது, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு திரைகளையும் அவற்றின் முன்னே மூவரையும் கண்டான். ஐந்நூறு ரூபாயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நான்காவதாக வந்து அமர்ந்தான். இவ்வாறாக ஐயத்தால் வென்றவளும், அட்டவணையால் தோற்றவளும், இரு மணாளர்களைத் தன் கூடத்தில் ஒருசேர ஒளிரச் செய்தவளுமாகிய தமயந்தி, அட்டவணையில் 'பின்பக்கத் துளைகள்' என்று பதினைந்தாவது நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தைத் திறந்து, நீலப் பேனாவால் எழுதினாள்:

நாளைக்கு எஸ்.பி. ரோடு போய் ஒயர் வாங்க வேண்டும்.