ஒத்திலியாவை யார் கண்டுபிடித்தது?

ஒயின் குடிப்பவர்கள் உண்டு, விற்பவர்கள் உண்டு, குடித்துவிட்டு இல்லையென்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. இவர்கள் யாரோடும் சேராத இனம் ஒன்று இருக்கிறது. அதுதான் கண்டுபிடிப்பவர் இனம். இவர்கள் ஒயினைக் குடிப்பதில்லை, கண்டுபிடிக்கிறார்கள்.

உங்களையும் ஒரு நாள் விருந்துக்கு அழைத்திருப்பார்கள். அடுப்பில் இறைச்சி கருகிக்கொண்டிருக்கும், பசியில் உங்களுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், பிள்ளைகள் ரொட்டியைப் பிய்த்துத் தின்று தீர்த்திருக்கும். அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே போய், ஒரு பழைய சோடா புட்டியை, பிரசவ அறையிலிருந்து நர்ஸ் குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். எங்கே வாங்கியது என்று கேட்க வேண்டியது உங்கள் கடமை. "ஒரு மலை... ஒரு ஆறு... அதுக்கு மேல கேக்காதீங்க" என்று கண்ணை மூடிக்கொள்வது அவர் கடமை. கலங்கலாக இருக்கிறதே என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அது கலங்கல் இல்லை, உயிர். புளிக்கிறதா? அது புளிப்பு இல்லை, நேர்மை.

நல்ல ஒயினை இவர்கள் நாக்கால் அளப்பதில்லை, சாலையால் அளக்கிறார்கள். தார் போட்ட இடத்தில் நல்ல ஒயின் விளையாது. மண்சாலை பரவாயில்லை. கார் பாதியில் நின்று, இறங்கித் தள்ளி, நாய் துரத்தி, முழங்காலுக்குச் சேற்றோடு போய்ச் சேர்ந்தால் அங்கே கிடைப்பது அமிர்தம்.

கொன்செப்சியோன் நகரத்துப் பல் டாக்டர் ஃபெர்மீன் எச்சாவுரென் இந்த இனத்தில் முதல் தரம். மற்ற கண்டுபிடிப்பவர்கள் தங்கள் பெருமையைக் கேட்க ஆள் தேடி அலைய வேண்டும். இவருக்கு அந்தக் கவலை இல்லை. தினமும் ஆட்கள் தாங்களாகவே வந்து, சாய்ந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். "சூப்பர் மார்க்கெட்டுல விக்கிறதெல்லாம் ஒயினா? சொல்லுங்க?" என்பார். நோயாளி "ஆ... ஆ..." என்பார். ஊரே தன் கட்சி என்று டாக்டர் நம்பினார்.

அவர் கண்டுபிடித்தது ஒத்திலியா கார்தெஸை. கொயெலெமு என்ற ஊருக்கு மேலே, மலைச்சரிவில், பந்தலும் கம்பியும் இல்லாமல் குத்துச்செடிபோல் நிற்கும் பழங்காலத் திராட்சைக் கொடிகள் அவளுடையவை. மூங்கில் சல்லடைமேல் குலைகளைக் கையால் தேய்த்து, மரத்தொட்டியில் புளிக்கவிட்டு, பீப்பாயிலிருந்து நேராக வடித்துத் தருவாள். அதற்குப் பிப்பேன்யோ என்று பெயர். அந்த வட்டாரத்தில் கல்யாணமோ, இழவோ, செப்டம்பர் திருவிழாவோ அவள் பிப்பேன்யோ இல்லாமல் நடந்ததில்லை. பாதிரியார் குடித்திருக்கிறார். பாதிரியாரைத் திட்டுபவர்களும் குடித்திருக்கிறார்கள். அப்புறம்தான் டாக்டர் வந்து கண்டுபிடித்தார்.

"என்னைக் கண்டுபுடிச்சேன் கண்டுபுடிச்சேன்னு சொல்றீங்களே டாக்டர், நான் எங்க தொலைஞ்சு போயிருந்தேன்?" என்று ஒத்திலியா கேட்டாள். அவளுக்குக் குரல் பெரிசு. இந்தச் சரிவில் பேசினால் எதிர்ச்சரிவில் ஆடு திரும்பிப் பார்க்கும். அவள் பேசித் தீர்க்கட்டும் என்று புருஷன் ருதெசிந்தோ பேச்சையே விட்டிருந்தான்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். டாக்டர் அங்கே சந்தோஷமாக இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை தவறாமல் போவார். சாம்பலில் சுட்ட ரொட்டியும் மிளகாய்த் துவையலும் தின்பார். மார்ச் அறுவடையில் சட்டையைக் கழற்றிவிட்டுச் சல்லடையில் திராட்சை தேய்ப்பார். ஒத்திலியா அவரைத் திட்டுவாள்: "காம்பையும் சேத்துத் தேய்க்கிறீங்க! பல்லைப் புடுங்குற மாதிரியா புடுங்குவாங்க?" நகரத்தில் அவரை அப்படித் திட்ட ஆள் இல்லை. அந்தத் திட்டுக்காகவே அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

பிறகு ஒரு வருஷம் திராட்சை விலை படுத்துவிட்டது. வழக்கமாக மிச்சக் குலைகளை வாங்கும் தொழிற்சாலை சொன்ன விலையில், பறிப்பதைவிடப் பறவைக்கு விடுவது லாபம். சுற்றிலும் எல்லாரும் கொடியைப் பிடுங்கிவிட்டுப் பைன் மரம் நட்டார்கள். பைனுக்குப் பாடு இல்லை, நட்டுவிட்டுத் தூங்கலாம்.

"டாக்டர், உங்களுக்குப் பெரிய இடத்து ஆளுங்க எல்லாம் பழக்கம். நம்ம ஒயினைப் பத்தி நாலு பேருகிட்ட சொல்லுங்களேன்" என்றாள் ஒத்திலியா. "இல்லைன்னா அடுத்த மழைக்கு நாங்களும் பைன்தான்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடி போனால் ஒயின் போகும். பெயரைச் சொன்னாலோ ரகசியம் போகும். எது பெரிய நஷ்டம்? உங்களுக்கும் எனக்கும் இது ஒரு கேள்வியே இல்லை. கண்டுபிடிப்பவருக்கு இது பெற்ற இரண்டு பிள்ளைகளில் எதை ஆற்றில் விடுவது என்பதுபோல. "பாக்கலாம்" என்றார். மறு சனிக்கிழமையும் "பாக்கலாம்" என்றார். ருதெசிந்தோ மட்டும் கொடியைப் பிடுங்கக் கடப்பாரையைத் தீட்ட ஆரம்பித்தான்.

முடிச்சை அவிழ்த்தது டாக்டரின் மனைவி மகாலி. ஒரு ஞாயிறு விருந்தில் சோடா புட்டி வழக்கம்போல ஊர்வலம் வந்தது. "எங்க கிடைச்சுது?" என்றார் விருந்தாளியாக வந்திருந்த உணவுவிடுதிக்காரர். டாக்டர் கண்ணை மூடினார். "ஒரு மலை... ஒரு ஆறு..."

"ஒத்திலியா கார்தெஸ்" என்றாள் மகாலி, தக்காளி நறுக்கிக்கொண்டே. "கொயெலெமு தாண்டி, மாதா கோயில்கிட்ட இடது பக்கம் திரும்புங்க. பச்சை கேட்டு. நாய் கடிக்காது, சும்மா குரைக்கும்."

டாக்டர் கண்ணைத் திறந்தபோது உலகம் மாறியிருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்ட மகாலி!"

"அந்தப் பொம்பளை பைன் மரம் நட்டுட்டா அப்புறம் நீ எதைக் கண்டுபுடிப்ப? ஊசியிலையையா?"

அதன்பின் நடந்தவை கிடுகிடுவென்று நடந்தன. உணவுவிடுதிக்காரர் போனார். அவர் சொல்லித் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பச்சை கேட்டின்முன் கார்கள் வரிசைகட்டின. கடப்பாரை கொட்டகைக்குத் திரும்பியது. ஒத்திலியா புட்டிக்குச் சீட்டு ஒட்டினாள். சீட்டில் உதட்டுச்சாயம் பூசிய அவள் படமே. கூட்டத்துக்குத் தோதாக உரத்துப் பேச இன்னும் கொஞ்சம் பழகிக்கொண்டாள்.

"போச்சு. அதோட ஆன்மா போச்சு" என்றார் டாக்டர். ஒரு சொட்டுகூடக் குடித்துப் பார்க்காமல்தான் சொன்னார். ஆன்மா போனதைத் தெரிந்துகொள்ள நாக்கு எதற்கு? சனிக்கிழமைகளில் அவர் வேறு திசையில் காரை விட்டார். பாலம் உடைந்த ஓர் ஓடையைத் தாண்டி வென்சஸ்லாவோ என்ற ஆளைக் கண்டுபிடித்தார். அவனுடைய ஒயினை மகாலி ஒரு வாய் குடித்தாள். எழுந்துபோய் மீதியைக் காடிக்குப் பதிலாகக் கீரைக் கலவையில் ஊற்றினாள். கீரை நன்றாக இருந்தது. "இந்த நேர்மை எல்லாருக்கும் புரியாது" என்ற டாக்டர் இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கிளினிக்குக்கு ஒத்திலியா வந்தாள். கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது. டாக்டர் முகத்தை இறுக்கிக்கொண்டு, "வாயைத் திறங்க" என்றார். திறந்தாள். ஆயுளில் முதல் தடவையாக அவள் பேச முடியாத நிலையில் கிடைத்திருக்கிறாள், விடுவாரா?

"சீட்டு ஒட்டினீங்க. சரி. அதுல உதட்டுச்சாயம் வேற! சாந்தியாகோக்காரன் கார்ல வந்து நிக்கிறான். நீங்க மாறிட்டீங்க ஒத்திலியா. அந்தப் பழைய ஒயின் இனி வருமா? சொல்லுங்க?"

"ஆ... ஆ..." என்றாள் ஒத்திலியா. பல் வந்தது. வாயைக் கொப்பளித்தாள். துப்பினாள். இனி யார் தடுப்பது?

"அதே கொடி, அதே சல்லடை, அதே தொட்டி. மாறினது என்ன தெரியுமா டாக்டர்? உங்களுக்குப் பக்கத்துல இன்னும் நாலு பேரு உக்காந்துட்டாங்க. அதுதான் உங்களுக்குப் புளிக்குது." காத்திருந்தவர்கள் அறைவரை குரல் கேட்டது. "அறுவடைக்கு ஏன் வரலை? காம்போட தேய்க்கிறவங்களைத் திட்டித் திட்டிப் பழகிப் போச்சு. வந்தவன் எல்லாம் ஒழுங்காத் தேய்க்கிறான், எனக்கு வாயே அரிக்குது. சனிக்கிழமை வாங்க."

அவள் போன பிறகு டாக்டர் கையுறையைக் கழற்ற மறந்து வெகு நேரம் நின்றார்.

சனிக்கிழமை போனார். காரை யார் கண்ணிலும் படாமல் மாதா கோயிலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்தார். நாய் குரைத்தது, ஆளைத் தெரிந்ததும் வாலை ஆட்டியது. ருதெசிந்தோ ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் பச்சை கேட்டருகே போட்டு, ஒரு கோப்பை நிறைய வடித்துக் கொடுத்தான். குடித்தார். அதேதான். அந்தச் செம்மண் வாசனை, அந்த லேசான கசப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. கண் கலங்கிவிட்டது. சமையல்கட்டிலிருந்து ஒத்திலியா கத்தினாள்: "எப்படி இருக்கு டாக்டர்?"

என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்?

"போன வருஷம் இன்னும் நல்லா இருந்துச்சு!" என்றார். சொல்லிவிட்டு இரண்டாவது கோப்பைக்குக் கை நீட்டினார்.

இப்போது சனிக்கிழமைகளில் அவர் நாற்காலி அங்கேதான். வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து, "இதெல்லாம் ஒண்ணுமில்லாத காலத்துலயே நான் வந்திருக்கேன்" என்று தொடங்குவார். கண்டுபிடிக்க இனி ஒன்றுமில்லை என்றாலும் முதலில் வந்தவர் என்ற பதவி காலியாகத்தானே இருந்தது? வேலைக்கு உடுத்தின பழைய சட்டை, திராட்சைக் கறை படிந்த விரல், வைக்கோல் தொப்பி. சென்ற வாரம் தலைநகரத்திலிருந்து வந்த ஒருவர் அவரைத் தள்ளி நின்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மனைவியின் காதில் மெல்லச் சொன்னார்: "அந்தக் கெழவரைப் பாரு. அசல் மலைக்காரர். இவரைப் பத்தி வெளியில யாருக்குமே தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதே."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சந்துக்குள் இருக்கும் அந்தப் பரோட்டாக் கடைக்கு இப்போதெல்லாம் ஏன் போவதில்லை என்று யாராவது கேட்டால், "கூட்டம் வர ஆரம்பிச்சதும் ருசி போச்சுங்க" என்று சொல்லும் ஆள் நீங்களாக இருந்தால், கொஞ்சம் அடக்கிச் சிரியுங்கள். இதைப் படித்து முடித்ததும் நண்பரைக் கூப்பிட்டு, "ஒண்ணு படிச்சேன், நீ கேள்விப்பட்டிருக்கவே மாட்டே" என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறதா? உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா?